மாடி ஏறிய அடுப்பு

1973, ஐப்பசி 4

காலையிலிருந்து தூறல். ஒரு வெட்கக்கேடு, இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். புது வீடு ஒதுக்கும் ஆபீசில் புருஷன் பெயர் கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவர் பெயர் என் வாயில் வந்ததே இல்லை. சுவரில் சாமி காலண்டர். மயிலைக் காட்டினேன். குமாஸ்தா மயில் மேல் உட்கார்ந்திருந்தவரை எழுதிக்கொண்டார். ஆக, இன்று முதல் நான் முருகன் சம்சாரம். மூன்றாவது.

ஐப்பசி 6

வெயில். ராயப்பேட்டை மார்க்கெட்டில் சங்கரா மீன் நன்றாக விற்றுப் போனது. உப்பு வாங்க மறதி.

திரும்பி வந்தால் குப்பத்தில் பாதிக் குடிசையைப் பிரித்துவிட்டார்கள். மாமியார் சமைத்த இடத்தில் இப்போது அலை. கடல் தள்ளத் தள்ள மேற்கே நகர்ந்து குடிசை போட்டோம், எல்லா வாசலும் கடலைப் பார்த்து. இனி நகர இடமில்லை, ரோடு வந்துவிட்டது. அதனால் மேலே அனுப்புகிறார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மூன்றாம் மாடி, கொழுந்தன் கன்னியப்பனுக்குத் தரை. இரண்டுக்கும் வாசல் ரோட்டைப் பார்த்து.

அவன் பெண்டாட்டி ராணி என் குடிசையைப் பிரிக்க வந்தாள். இரு என்றேன். போன தையில் கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்தது. அவர் வரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. வந்தால் எந்த வாசலில் நிற்பார்?

"மாமாவுக்கு மாடிப்படி ஏறத் தெரியாதாக்கா?"

"ஏறுவாரு. கதவுல முருகன்னு சாக்பீஸ்ல எழுதிக்கீது. வேற ஆம்பள வூடுன்னு திரும்பிப் பூடுவாரு."

ராணி சிரித்தாள். நானும். அவள் நிறுத்திய பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 7

மழை. மார்க்கெட் போகவில்லை.

தண்ணீர் பிடித்து வந்தால் குடிசைக்குள் ஈரக் கால் சுவடு. வாசலிலிருந்து அடுப்பு வரை. திரும்பிப் போன சுவடு இல்லை. ராணி வரவில்லையாம், கன்னியப்பனும் இல்லையாம். கூரை ஒழுகல் என்று சொல்லிக்கொண்டேன். ஒழுகலுக்கு ஏது விரல்?

சோறு கொஞ்சம் கூடவே வடித்தேன்.

ஐப்பசி 9

நாளை குடிசை இல்லை. இடம் மாறும்போதெல்லாம் பழைய அடுப்புத் தணலைப் புது அடுப்பில் போட்டு, கடலைப் பார்த்து வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். திரும்பாதவர்களையும். கூப்பிடாவிட்டால் பழைய இடத்திலேயே நின்றுவிடுவார்கள். கன்னியப்பனிடம் கெஞ்சினேன்.

"நான் கூப்டா அண்ணன் என் வூட்டுக்கில்ல வரும். அடுப்பு உன்னுது. நீ கூப்டு அண்ணி."

"வாய்ல வர்ல நைனா."

"அப்ப மணல்லயே நிக்கட்டும்."

வழக்கமாகக் கேலி செய்வது நான். இன்று எழுந்து தணலை மூடப் போனேன்.

ஐப்பசி 10

வெயில். தணல் சட்டியோடு மாடி ஏறினேன். கை சுட்டது. அடுப்பு உடனே பற்றிக்கொண்டது. கூப்பிடுவதைத் தள்ளிப்போட வீடு பெருக்கினேன். சங்கரா கழுவினேன். கழுவின தண்ணீர்ச் சட்டியோடு பின்பக்க வராந்தாவில் நின்றேன். கடல் தெரிந்தது. குடிசை இருந்த இடம் வெறும் மணல்.

கூப்பிட்டேன். முதலில் மெதுவாக. பிறகு முழுத் தொண்டையில். இங்கே எழுத மாட்டேன்.

கீழே ஒரு முகம் நிமிர்ந்து பார்த்தது. அவர் நெற்றி. அவர் மூக்கு. எட்டிப் பார்த்தேன், சட்டி சாய்ந்தது.

அண்ணன் பெயரைக் கேட்டு நிமிர்ந்த கன்னியப்பன். புதுச் சட்டையெல்லாம் மீன் தண்ணீர். வாய் திறந்திருந்ததாம்.