முருகன் படத்துக்குப் பின்னால் எரிகிற விளக்கு

புந்தோங், ஈப்போ
16 நவம்பர் 1984

அன்பு மகள் வீரம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம், லண்டன் குளிரில் ஆஸ்பத்திரி வேலையோடு உன் உடம்பும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீல விமானக் கடிதத்தில் இடம் குறைவு, எழுத ஆரம்பித்தால் நான் எங்கேயோ போய்விடுவேன், ஆகையால் சொல்ல வேண்டியதை முதலில் எண் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. நீ விட்டுப்போன காரில் சிவப்பு விளக்கு அணையாததற்குக் காரணம் பிரேக் எண்ணெய் ஒழுகுவது.
2. அதைச் சொன்னதால் எனக்கு நடந்தது.
3. மாப்பிள்ளை கெட்டவர் அல்ல, அலட்சியக்காரர். அந்த அலட்சியத்தில் பாப்பாவுக்கு ஆபத்து.
4. நீ அவருக்கு எழுத வேண்டியது.

விளக்கு ஆடி மாதமே எரிய ஆரம்பித்தது, மீட்டருக்குக் கீழே சின்னதாக இருக்குமே, அதுதான். ஆயுத பூசையன்று கோயிலில் காருக்கு மாலை போட்டு எலுமிச்சை நசுக்கித் திரும்பியபோது அது எரியவில்லை. பூசையில் சரியாகிவிட்டது என்று நானும் நம்பினேன், இவ்வளவு படித்தவன் நம்பலாமா என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் பார்த்தேன், மாப்பிள்ளை விளக்கின் மேலேயே முருகன் படத்தை ஒட்டிச் சந்தனமும் வைத்திருந்தார். மாலையில் பார்த்தால் படத்தின் ஓரம் சிவந்து தெரியும். பூசை செய்த படத்தை உரிக்க எனக்குக் கை வரவில்லை, ஓரத்தைப் பார்த்தே மற்றதைச் செய்தேன். ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இறக்கினேன், அணையவில்லை. அதன் சுவிட்சில் வயரைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் அணையவில்லை, ஆகவே பழுது அங்கே இல்லை. பானெட்டைத் திறந்தால் பிரேக் எண்ணெய் போத்தலில் எண்ணெய் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. ஊற்றி நிரப்பினேன், அணைந்தது. மறுவாரம் மறுபடி எரிந்தது. நான்தான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று சந்தேகம், அதனால் எல்லாச் சக்கரத்துக்கும் அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்துவைத்தேன். காலையில் பின்பக்க இடது சக்கரத்தின் தாள் மட்டும் நனைந்திருந்தது.

அந்தத் தாளைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் காட்டினேன், காட்டியிருக்கக் கூடாது. அவர் அதைக் காப்பிக்கடைக்கு எடுத்துப்போய் மேசையில் விரித்து, நான் தோட்டத்தில் கணக்கு எழுதிய வேலையைச் சொல்லிக்காட்டி, "தோட்டத்துக் கிராணிக்கு இப்ப காரு மூத்திரம் போகுதான்னு பாக்குற உத்தியோகம்லா" என்றாராம். அவருடைய கூட்டாளி சன்னாசி வீட்டுக்கே வந்து, "தாளக் காருக்கு அடியில போடணுமா மாமா, ஒங்க கட்டிலுக்கு அடியில போடணுமா?" என்று கேட்டான். பாப்பாவும் சிரித்தாள், குழந்தை, அர்த்தம் தெரியாது. போன ஞாயிறு மாப்பிள்ளையும் சன்னாசியும் நானும் சித்தியவானில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம், திரும்பும்போது அவர்கள் இருவரும் குடித்திருந்தார்கள். ஆயர் தாவார் தாண்டியதும் முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போய்க்கொண்டிருந்தது. "பிரேக்கு இல்லேன்னு ஊரு பூரா சொல்றீங்களாமே மாமா, இப்பப் பாருங்க" என்று மாப்பிள்ளை வேகமாக அழுத்தி, குலையின் முள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. மறுபடி விரட்டினார், மறுபடி நின்றது. வேண்டாம் மாப்பிள்ளை என்று கும்பிட்டேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை, எண்ணும் நிலையில் நான் இல்லை, வேட்டி நனைந்துவிட்டது. சன்னாசிதான் முதலில் பார்த்தான். "அண்ணே, எண்ணெ எங்கேருந்து ஒழுகுதுன்னு கண்டுபுடிச்சாச்சு" என்றான். என்னை இறக்கிச் சாலையோரம் நிற்கவைத்து, சீட்டில் பத்திரிகைத் தாள் விரித்த பிறகுதான் ஏறச் சொன்னார்கள். மகளுக்கு இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், எழுதாவிட்டால் மற்றதை நீ நம்பமாட்டாய்.

கார் நின்றதே என்று நீ கேட்பாய். மற்றச் சக்கரங்கள் பிடிக்கின்றன, அதனால் நிற்கிறது, எண்ணெய் முழுதும் போய்விட்டால் எதுவும் பிடிக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. ஜனவரியில் பாப்பா முதல் வகுப்பு. பள்ளிக்கூடம் தூரம், மாப்பிள்ளை அவளை அந்தக் காரில்தான் ஏற்றிப்போவார், எதையும் யோசிக்கமாட்டார். அதற்குள் காரைப் பட்டறையில் விடச் சொல்லி எழுது. உனக்கே தோன்றியது போல எழுது, என் பெயர் வர வேண்டாம், இந்த வீட்டில்தான் நான் இருக்க வேண்டும். வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் காரில் கூட்டிப்போகிறார், அதில் குறை சொல்ல முடியாது.

நின்று நின்று கால் வீங்கினால் வெந்நீரில் வை. பாப்பாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்ப மறந்துவிடாதே, தினம் கேட்கிறாள். நோய் நொடி இல்லாமல், நினைத்த படிப்பை முடித்து நீ நல்லபடி திரும்ப என் ஆசீர்வாதம்.

ஒட்டுவதற்கு முன் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. தபால் கந்தோருக்குப் போகிற வழியில் பட்டறை பிச்சைமுத்துவைப் பார்த்தேன், தயங்கித் தயங்கிச் சக்கரத்தைப் பற்றிக் கேட்டேன். "ஒங்க மாப்பிள்ள ஒங்ககிட்ட சொல்லலையா ஐயா? ஆடியிலேயே பாத்துட்டேனே. சாமான்கூட வாங்கி வச்சிருக்கேன், அவருதான் வேணாங்குறாரு. பிள்ளைக்கு வேன் பேசியாச்சாம், இதுல ஏத்தவே மாட்டாராம். கெழவன ஆஸ்பத்திரிக்கு ஏத்திப் போறதுக்கு இது போதும்லாங்குறாரு" என்றான். சொன்ன பிறகுதான் அந்தக் கெழவன் நான் என்று அவனுக்கு நினைவு வந்தது, எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தான்.

ஆகவே மூன்றாவதாக நான் எழுதியது தவறு. மாப்பிள்ளை அலட்சியக்காரர் அல்ல, எல்லாம் யோசித்துத்தான் செய்கிறார். பாப்பாவுக்கு ஆபத்து இல்லை, நீ அவருக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கார்த்திகேசு