ஏறிக்கொண்டே போகும் கோடு

14.11.96, வியாழன்

பத்து வருடமாக எங்கள் விதை ஆபீஸிலிருந்து எவ்வளவு சம்பா கோதுமை விதை போனது என்று வரைபடம் போடச் சொன்னார் அதிகாரி. போட்டேன். கோடு ஒரு வருடம்கூட இறங்காமல் ஏறிக்கொண்டே போனது. அதுதான் உறுத்தியது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து, எட்டு வருடத்துக்கு மேலாக, சூலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். வழியில் ஒரு கோதுமைக் கதிரைக்கூடக் கண்டதில்லை.

பட்டியலில் வருடா வருடம் விதை வாங்கியவர் பழனிசாமி. இன்று மதியம் அவர் தோட்டத்துக்கே போய்விட்டேன்.

"கோதுமைங்களா? தென்னை வெச்சு எட்டு வருசமாச்சுங்க அம்மணி" என்றார். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எம்பேர்ல ஏதாச்சும் வில்லங்கமுங்களா?" என்று கேட்டார்.

அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கோடு நல்லாத்தானே ஏறுது, அப்படியே அனுப்பிப்போடுங்க" என்றார். இத்தனை வருடமும் பழனிசாமி பெயரில் விதையை எடுத்து விற்றது இவரா, விதையை அளந்து கொடுக்கும் கிடங்குக்காரரா, இரண்டு பேருமா?

பழைய பதிவேடுகளை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். பழனிசாமி பெயருக்கு எதிரே வருடத்துக்கு ஒரு கையெழுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பக்கத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி ஒரு சுருக்கொப்பம். அது மட்டும் எட்டு வருடமும் ஒரே மாதிரி இருக்கிறது.

என்னுடையது.