கப்பித்தான் அனுப்பிய ஒற்றைச் சொல்

நலம் பெருகுக. கழிகள் நிறைக. ஏழு கழிகளுக்கும் இரு தீவுகளுக்கும் உரியவளும், முத்துக்குடை நிழலில் அமர்ந்தவளும், நீர்முகநாட்டின் பட்டத்தரசியுமாகிய ஆழிநங்கைத் தேவி, சங்குத்துறைக் காவல்நாயகம் சேந்தன் விடங்கனுக்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் காற்று நேராக வீசுக. உமது மனையில் விளக்கு நின்று எரிக. ஓலையின் தலையில் வாழ்த்து இருக்க வேண்டும் என்பது மரபு, ஆகவே எழுதுவித்தோம். இதற்கு மேல் உம்மை வாழ்த்த எமக்கு மனம் வரவில்லை.

அயல்மொழி பெயர்த்துச் சொல்லும் எம் துபாசி ஐயாறனை நீர் அறிவீர். அறிவீர் என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம். சங்கு குளிக்கும் குடியில் பிறந்து, ஆங்கிலேயக் கப்பலொன்றில் ஒன்பது ஆண்டு பாய் தைத்து, அவர்கள் பேச்சை அவர்கள் வாயிலிருந்தே கற்றுக்கொண்டு வந்தவன். ஆவணி பன்னிரண்டாம் நாள் நண்பகலில் அவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிளகு ஏற்ற வந்த ஆங்கிலேயக் கப்பல் ஒன்று சங்கு குளிப்போரின் தோணியருகே நங்கூரம் இறக்கியது. சிவப்புத் துணி கட்டிய தோணி நின்றால் அதன் அடியில் ஆள் இருக்கிறான் என்பது உமது துறையில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். கப்பித்தானுக்கும் தெரியும், ஐயாறனே அவனிடம் இரண்டு முறை சொல்லியிருந்தான். குளித்த மூவரும் மேலே வரவில்லை. அம்மூவரில் ஒருவன் கொற்றன், ஐயாறனின் தங்கை சிறியாளைக் கட்டியவன்.

மூன்றாம் நாள் கப்பலிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அதில் இருந்தது ஒரே சொல்: ஸாரி. அதன்கீழ்க் கப்பித்தானின் கையொப்பம். அயல்மொழிச் சொல் எதுவாயினும், அதன் எல்லாப் பொருளையும் அதற்கு அம்மொழியில் உள்ள மாற்றுச் சொற்களையும் பொருளோலையாக எழுதி, அதை அவையில் வாசித்த பின்பே முத்திரை இடுவது நம் நாட்டு வழக்கம். கொற்றனுக்குப் பாலூற்றிவிட்டு வந்த கையோடு ஐயாறன் அதை எழுத உட்கார்ந்தான். வேறொருவன் எழுதட்டும் என்று நீர் சொல்லவில்லை.

அவன் எழுதியதை உமக்கு நினைவூட்டுகிறோம், மறந்துபோனவர் போல நடந்துகொண்டீர் ஆதலால். இச்சொல்லை அவர்கள் நாளொன்றுக்கு இருபது முறை சொல்வார்கள் என்று எழுதினான். ஒருவன் காலை மற்றொருவன் மிதித்தால் சொல்வான். சமையற்காரன் கஞ்சியில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டால் சொல்வான். காதில் விழவில்லை, திரும்பச் சொல் என்பதற்கும் அதுவே. கேட்ட பொருளை இல்லை என்று மறுக்கும்போதும் அதையே முன்னால் போடுவார்கள். இழவு வீட்டில் துக்கம் விசாரிக்கவும் அதுவே, அந்தச் சாவில் சொல்பவனுக்கு ஒரு பங்கும் இல்லாதபோதும். நைந்த பாயைப் பார்த்தும் நொண்டிக் குதிரையைப் பார்த்தும் சொன்னால், பரிதாபமானது என்று பொருள். வருந்துகிறேன் என்பது நடுப்பொருள். பொறுத்துக்கொள்க என்பதும் உண்டு. ஆனால், பிழை என்னுடையது என்று ஏற்றுக்கொண்டு வருபவனுக்கு அம்மொழியில் அபாலஜி என்றொரு சொல் இருக்கிறது. பொறுதி வேண்டிக் கேட்கப் பார்டன் இருக்கிறது. பிழையை ஏற்காமல் வருத்தத்தை மட்டும் சொல்ல ரிக்ரெட் இருக்கிறது. கடைசியில் இப்படி முடித்திருந்தான்: கப்பித்தான் நன்றாக எழுதத் தெரிந்தவன், எதை எழுதினால் இறங்கி வர வேண்டியிருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஓரடி நீள ஓலை அது. மிளகு ஏற்றக் கப்பல் காத்திருக்கிறது என்று நீர் அதை விரற்கடை அளவுக்கு நறுக்கினீர். பிழை பொறுத்தருள்க என்ற இரண்டு சொல் மட்டும் எம்மிடம் வந்தது.

அத்துடன் விட்டிருந்தாலும் எமக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது. நம் வழக்கப்படி, தன் கையால் ஓர் உயிர் போனால், போக்கியவன் கரைக்கிணற்றில் நீர் மொண்டு, குடத்தைத் தன் தோளிலேயே சுமந்து, செத்தவன் வாசலில் போய் நிற்க வேண்டும். வீட்டார் அந்நீரைக் குடித்தால் பொறுத்தார்கள். குடிக்காவிட்டால் பொழுது சாயும் வரை நின்று, மறுநாளும் வர வேண்டும். நாற்பது நாள் வர வேண்டும். கப்பித்தானுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று நீர் ஐயாறனிடம் சொன்னீராம். அவன் தோளில் குடத்தை ஏற்றினீராம். மைத்துனனைக் கொன்றவனுக்காகத் தங்கை வாசலில் போய் நிற்கச் சொன்னீராம். உம்மைப் பெற்றவள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, எமக்குத் தெரியாது.

துறையில் உம் சொல்லை மீறினால் தன் குடி முழுவதற்கும் தோணி கிடைக்காது என்று அஞ்சி அவன் போனான். நறுக்கோலையை வாசித்தான். சிறியாள் கேட்டதை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே பொறிக்கச் சொல்லியிருக்கிறோம்: “அண்ணே, அவன் சொன்ன சொல்லுக்கு இதுதான் அர்த்தமா? எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு.” குடத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினான். அன்றிலிருந்து அவள் அவனை அண்ணே என்று அழைக்கவில்லை.

இரண்டு நாள் நடந்து, அதே குடத்துடன் அவள் எம் அவைக்கு வந்தாள். வணங்கவில்லை. “சொல்லு வந்துச்சு தாயே, ஆளு எங்க?” என்றாள். அவளுக்குப் பத்தடி பின்னால் நின்ற ஐயாறன், மடியில் கட்டி வைத்திருந்த பொருளோலையின் படியை எடுத்து நீட்டினான். தனக்கு மன்னிப்பு வேண்டாம், இதை முழுதாக வாசித்தால் போதும் என்றான். வாசித்தோம். வாசித்து முடித்ததும் எழுத்தாணியை எம் காலடியில் வைத்தான். எம் துபாசியாக இனி ஒரு சொல்லும் பெயர்ப்பதில்லை என்றான்.

இனி எமது கட்டளை. கப்பித்தான் மிளகோடு போய்விட்டான். திரும்பி வந்தால், குடம் சுமக்காமல் அவன் கப்பல் நம் நீரில் நங்கூரம் இறக்கலாகாது. ஆனால் ஒருவன் கேட்க வேண்டிய பொறுதியைக் கேட்டதாகக் கொண்டு முடித்துவைத்தவன் அவனுடைய குடத்தையும் சுமப்பான் என்பது பழைய தீர்ப்பு. ஆகவே இவ்வோலை உம் கைக்கு வந்த மறுநாள் முதல் நாற்பது நாள் மூன்று வீட்டு வாசலிலும் நீர் நிற்பீர். குடை கூடாது, ஏவலாள் கூடாது, காலில் செருப்பும் கூடாது.

அந்த நறுக்கோலையின் மேல் இருந்தது எம் முத்திரை. பொருளோலை வாசிக்க வேண்டிய நேரத்தில் யாம் புதிதாக வந்த யானையைப் பார்க்கப் போயிருந்தோம். முழு ஓலை எங்கே என்று கேட்கவும் இல்லை. ஆகவே உமக்குப் பின்னால் இன்னொரு குடம் வரும். அதைச் சுமந்து வருபவள் யாமே.

சிறியாள் குடிப்பாளா என்று விசாரித்து ஆள் அனுப்ப வேண்டாம். யாம் கேட்டுவிட்டோம். மாட்டாள் என்றாள். ஆயினும் நில்லும்.

இவ்வோலை நறுக்கப்படாமல், முதலெழுத்து முதல் ஈற்றெழுத்து வரை, சிறியாள் கேட்க அவையில் வாசிக்கப்பட்டது. அதன் பின்பே அரக்கு உருகியது, முத்திரை விழுந்தது.