வேர் இல்லாத எண்பத்தொரு முடி

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்காக முதலிலேயே மன்னித்துக்கொள். போனை எடுக்காதவளுக்குத் தபால் போடுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நேரில் பேச வந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உனக்கே தெரியும். எழுதும்போதுதான் கொஞ்சம் தைரியம் வருகிறது.

நீ கடைசியாகப் பேசி இன்றோடு பதினேழு நாள். "கொத்துக் கொத்தாக் கொட்டுதுடி. எல்லாம் உன் கண்ணு பட்டதுதான். இனிமே பாப்பாவைப் பாக்கறேன்னு இந்தப் பக்கம் வந்துடாதே" என்று அழுதுகொண்டே வைத்துவிட்டாய்.

ஜனவரியில் நான் வந்திருந்தபோது பாப்பா பிறந்து பத்து நாள். உன் தலையை வாரிக்கொண்டே, "இதுல பாதிய எனக்குக் குடுத்தா உனக்கு என்ன குறைஞ்சா போயிடும்?" என்று கேட்டேன். பால் ஆற்றிக்கொண்டிருந்த உன் மாமியார் டம்ளரை அப்படியே அந்தரத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். விளையாட்டாகத்தான் கேட்டேன் அக்கா.

நான் வேலை செய்யும் லேபுக்கு அடுத்த அறைதான் தோல் டாக்டரம்மாவின் அறை. நோயாளிகளின் தோலிலிருந்து சுரண்டிய செதிலில் பூஞ்சை இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது என் வேலை. ரிப்போர்ட் கொடுக்கப் போனபோது உன் விஷயத்தைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி வயசும்மா. சில வருஷம் வளரும், மூணு மாசம் போல சும்மா இருக்கும், அப்புறம் உதிரும். அதே இடத்துல புதுசு வரும். ஒரு நாளைக்கு அம்பதுலேர்ந்து நூறு வரைக்கும் எல்லாருக்கும்தான் போகுது. தலைக்குக் குளிக்கிற அன்னைக்கு இன்னும் கூடத் தெரியும். வயித்துல குழந்தை இருக்கறப்போ உதிர வேண்டியதெல்லாம் உதிராம நின்னுடும். பிரசவம் ஆகி மூணாவது மாசம் பாக்கியெல்லாம் சேர்த்து வச்சுப் போகும். குழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள பழையபடி ஆயிடும்."

பெரிய காய்ச்சலுக்குப் பிறகும், ஆபரேஷனுக்குப் பிறகும், ரத்தம் குறைந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும், சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தாலும், மனக்கவலையிலும்கூட இப்படிக் கொட்டுமாம். அவர் சொன்ன பட்டியலில் கண் இல்லை. நான் இரண்டு தடவை கவனித்துக் கேட்டேன்.

பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாளா?

அன்புத் தங்கை

---

மே 12

பட்டம் வாங்கிய தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. என் கைக்கு வருவதற்கு முன்னால் உன் மாமா கைக்குப் போய்விட்டது. லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய், சாப்பாட்டு நேரத்தில் அங்கே இருக்கிற நாலு பேருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். "எங்க கொழுந்தியா எழுத்தைப் பாருங்கடா, டாக்டரே பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இல்ல?" என்றாராம். என் முடி கொட்டுகிற கதை இப்போது பட்டறை முழுக்கத் தெரியும். ரொம்ப சந்தோஷம்.

நீ கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு சுருட்டின காகிதத்தோடு நிற்கிற போட்டோவைக் கூடத்தில் மாட்டியதும் அவர்தான். எங்கள் கல்யாணப் போட்டோவை அரை அடி நகர்த்திவிட்டு உனக்கு இடம் பண்ணினார். பாப்பாவுக்குப் பால் கொடுக்க நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை உன் முகத்தில் முழிக்கிறேன்.

நூறு வரைக்கும் போகலாமாம். சொல்கிறவர்களுக்கு என்ன? குளியலறைச் சல்லடை அடைத்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால் வரை நிற்கிறது. தலையணை உறையில், துடைத்த தரையில், சோற்றுத் தட்டில், எங்கும் என் முடி. நேற்று பாப்பா நிறுத்தாமல் அழுதாள். பசியில்லை, ஈரமில்லை. கால் மணி நேரம் தேடிக் கடைசியில் பார்த்தால் கால் விரலில் என் முடி ஒன்று சுற்றிக்கொண்டு விரல் சிவந்து வீங்கியிருந்தது. நகத்தால் எடுக்க முடியாமல், மாமியார் வந்து நறுக்கி எடுக்கும் வரை நானும் சேர்ந்து அழுதேன். அதற்கு உன் டாக்டரம்மாவிடம் சிரிப்பு இருக்கிறதா?

"பெரியவளுக்கு முடி, சின்னவளுக்கு மூளை" என்று பெரியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நம்மைப் பங்கு பிரித்துக் கொடுப்பாளே, நினைவிருக்கிறதா? உன் பங்கைச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. என் பங்கு சாக்கடையில் போகிறது. எல்லாம் போன பிறகு நான் யார் என்று உன் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்.

பாப்பா குப்புற விழுகிறாள். நீ வர வேண்டாம்.

உன் அக்கா

---

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவின் விரல் எப்படி இருக்கிறது? சாக்ஸையும் கையுறையையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுப் போடு. முடி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்குமாம்.

என் பங்கைப் பற்றி நீ எழுதியதால் நானும் ஒன்று சொல்கிறேன். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்கள்கூட உன் பின்னலைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவ உன் சொந்தத் தங்கச்சியா?" என்று கேட்பார்கள். நீ எனக்கு வைத்த பெயரே எலிவால். இந்த லேபில் யாருக்கும் அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன். உன் கூடத்துப் போட்டோவில் தொப்பியைப் புருவம் வரை இறக்கிவிட்டிருக்கிறேனே, ஏன் என்று யோசித்தாயா? காதுக்கு மேலே இரண்டு பக்கமும் எனக்கு முடி கிடையாது. போட்டோகிராபர் மூன்று தடவை தொப்பியை ஏற்றச் சொன்னார். காது கேட்காத மாதிரி நின்றேன்.

போன வாரம் டாக்டரம்மா என்னை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். "சின்ன வயசுல யாரு உனக்குப் பின்னிவிட்டது?" என்றார்.

"எங்க அக்கா. காலையில அவசர அவசரமாப் பின்னிவிடும்."

"அவசரத்துல பின்னினா பின்னல் தளர்ந்துல்ல இருக்கும்? இது வருஷக்கணக்கா இறுக்கி இழுத்தது. வேரே செத்துப்போச்சும்மா. இந்த இடத்துல இனிமே வளராது."

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உன்னுடையது திரும்பி வரும். என்னுடையதுதான் வராது. அதை நினைத்தாவது உன் மனசு ஆறட்டும்.

அன்புத் தங்கை

---

ஜூன் 1

தங்கைக்கு,

இத்துடன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். ஒரே நாளில் கொட்டியது. உன் டாக்டரம்மா நூறு என்றாரே, எண்ணிப் பார்.

எண்ணி முடித்ததும் நீயே வைத்துக்கொள். அன்றைக்குப் பாதி கேட்டாய். முழுசாகவே அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

---

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலம் வந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

தானாக உதிர்ந்த முடியின் ஒரு நுனியில் தீக்குச்சித் தலை மாதிரி வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். வேலை முடிந்து ஓய்வெடுத்து வெளியே வந்த முடி என்பதற்கு அதுதான் அடையாளம். நூற்று முப்பத்தொன்றில் அது இருந்தது.

எண்பத்தொன்றில் வேரே இல்லை. நடுவில் அறுந்ததோ என்று நினைத்தேன். அறுந்த முடியின் முனை துடைப்பம் மாதிரி பிரிந்து நிற்கும். இவை நேராக, நறுக்கென்று இருந்தன. மைக்ராஸ்கோப்பை எத்தனை தடவை திருகிப் பார்த்தாலும் அப்படியேதான் இருந்தன.

டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று தாளோடு அவர் அறைக் கதவு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். இது நம் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளது. குழந்தை பெற்றவளுக்கு நூற்று முப்பத்தொன்று ஒன்றும் அதிகமில்லை. ஆனால் எனக்கு அழுவதற்கு அதுவே போதுமாக இருந்தது அக்கா. எதற்காக இன்னும் எண்பத்தொன்று?

கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஜனவரியில் நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. உன் பின்னல் கனமாக என் உள்ளங்கையில் கிடந்தது. பக்கத்தில் பாப்பாவின் நகம் வெட்டும் குட்டிக் கத்தரி இருந்தது. ஒரு நொடி அதைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் வாயில் அந்தக் கேள்வி வந்தது.

நீ போனில் அழுதபோது என் நெஞ்சின் ஒரு மூலையில், "இப்பத் தெரியுதா?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டது நான்தான். அடுத்த நாள் டாக்டரம்மாவிடம் போனதும் உனக்காக இல்லை. கண் பட்டால் முடி கொட்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. படித்துவிட்டு அதை எப்படி வாய்விட்டுக் கேட்பது? அதனால் பிரசவம் என்று ஆரம்பித்தேன். நான் செய்யவில்லை என்று தெரிந்ததும் வந்த நிம்மதியில் எழுதியதுதான் மாமா பட்டறையில் வாசித்த அந்தக் கடிதம்.

அன்புத் தங்கை

---

ஜூன் 24

எலிவாலுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து நானே வாங்கினேன். பட்டறைக்குப் போக விடவில்லை.

சீப்பிலிருந்தும் சல்லடையிலிருந்தும் ஒரு நாள் முழுக்கச் சேர்த்துத் தாளில் வைத்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடிகூட வரவில்லை. நான் பட்ட பாட்டுக்கு இவ்வளவுதானா என்று ஆத்திரமாக வந்தது. இதை உனக்கு அனுப்பினால் நூறுக்குப் பக்கம்தானே என்று இன்னொரு பக்கம் எழுதுவாய். பின்னல் நுனியை இழுத்துக் கத்தரியால் நறுக்கிச் சேர்த்தேன். லேபில் இருக்கிறவளிடமே இந்த வேலையைக் காட்டினேன் பார், மூளை உனக்குத்தான் என்று பெரியம்மா சொன்னது சரிதான்.

அது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். கத்தரியை எடுப்பதற்கு முன்னால்தான் உன் தொப்பிக் கடிதம் வந்திருந்தது. "அவசர அவசரமாப் பின்னிவிடும்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னாயாமே. எனக்கு என்ன அவசரம்? நான் எங்கே போக வேண்டியிருந்தது?

அம்மா படுக்கையில் விழுந்தபோது நான் பத்தாவது முடித்திருந்தேன், வகுப்பில் முதலாவதாக. நீ ஆறாவது. வீட்டைப் பார்க்க ஒருத்தி வேண்டும் என்றார்கள், நான் நின்றேன். தினமும் காலையில் நீ எனக்கு முன்னால் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை விரித்துக்கொள்வாய். உன் தோளுக்கு மேலே எனக்கு அந்தப் பக்கம் தெரியும். உன்னைவிட வேகமாகப் படித்துவிடுவேன். கடைசி வரிக்கு வந்த பிறகும் நீ பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாய். இவ்வளவு மெதுவாகப் படிக்கிறவளுக்கா பள்ளிக்கூடம் என்று தோன்றும். அப்போது இழுப்பேன்.

"வலிக்குதுக்கா" என்பாய். "அழகா இருக்கணும்னா வலிக்கத்தான் செய்யும்" என்பேன். ஆறு வருஷம்.

உன் கண் என்னை ஒன்றும் செய்யவில்லை. இங்கே நெற்றி ஓரத்தில் குட்டை குட்டையாகப் புது முடி எழும்பி நிற்கிறது. மாமியார் பார்த்துவிட்டு, "வருது பாரும்மா" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அதைக் கண்ணாடியில் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இப்போதும் வராதே என்றுதான் சொல்கிறேன். முன்னே சொன்ன காரணத்துக்காக இல்லை. நீ வந்து தொப்பி இல்லாமல் என் எதிரே உட்கார்ந்தால் நான் எங்கே பார்ப்பேன்?

அக்கா

---

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டை முடி எழும்புகிறது என்று படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளுக்கு மட்டும் வருகிறதே என்று எரிந்தது. அப்புறம் எண்ணெயும் வாசனையுமாக உன் தலை எனக்கு ஞாபகம் வந்தது. லேபில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது. உன்மேல் கோபமே இல்லை என்று எழுத மாட்டேன். இரண்டு நாள் இருந்தது. ஒரு நாள் சாப்பிடவில்லை.

ஆனால் ஒன்றை நீ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் மெதுவாகப் படிக்கிறவள் இல்லை. நீ பின்னாலிருந்து படிப்பது எனக்குத் தெரியும். உன் மூச்சு என் உச்சந்தலையில் படும். சரித்திரப் பாடம் என்றால் முணுமுணுப்பாய், கணக்கு என்றால் கை அப்படியே நின்றுவிடும். நான் முடித்துவிட்டு, நீ முடிக்கட்டும் என்றுதான் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தேன். நீ இழுக்கும்போது, இன்னும் முடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலும் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பேன்.

கேட்டிருக்கலாம். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

ரத்தத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஜனவரியில் சொன்னாய். ரத்தம் குறைவாக இருந்தால் புது முடியும் நிற்காதாம். அந்த நூற்று முப்பத்தொன்றைக் கவரில் போட்டு என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். எண்பத்தொன்றை எறிந்துவிட்டேன்.

முதல் கடிதத்திலிருந்தே கேட்க நினைத்து, ஒவ்வொரு தடவையும் கையெழுத்துக்கு முன்னால் விழுங்கிவிட்ட ஒன்று இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கதவைத் திற. பாப்பாவை மாமாவிடம் கொடுத்துவிட்டு எனக்குத் தலை பின்னிவிடு. உன்னிடம் இல்லாத ஒரு புத்தகம் கொண்டுவருகிறேன், மடியில் விரித்து வைத்திருப்பேன். நீ படித்து முடித்ததும் இழுக்காதே அக்கா, "திருப்பு" என்று சொல்லு.

எலிவால்