இடம் மாறி விழுந்த கிளிக்

செவ்வாய், இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. பொம்மசந்திரா தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்க்கும் சாந்தியை, ஒரு ஷிப்டின் விவரங்களையெல்லாம் அழித்துவிட்டாள் என்று சனிக்கிழமையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அங்கே சாஃப்ட்வேர் வேலை செய்துகொடுக்கும் எனக்கு இன்றுதான் சொன்னார்கள்.

அவள் அழிக்கவில்லை. திரையில் நான் செய்த கிளிக்குகளை அப்படியே ரெக்கார்ட் செய்து, தினமும் ஓடவிடச் சொல்லி அவளுக்குக் கொடுத்தவன் நான். என்னுடையது பெரிய மானிட்டர். அவளுக்குப் போன வாரம் பழைய சின்ன மானிட்டர் ஒன்றை மாற்றி வைத்திருக்கிறார்கள். அதில் ஓடவிட்டுப் பார்த்தேன். பட்டன்கள் இடம் மாறியிருந்ததால், 'சேமி' மேல் விழ வேண்டிய கிளிக் 'நீக்கு' மேல் விழுந்தது. திரை அளவைச் சரிபார்க்க நான் புரோகிராமில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

மேனேஜர் மஞ்சுநாத்திடம் ஓட்டிக் காட்டினேன்.

"ஹௌதா? அப்படியா? விடுங்க சார், வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

"தப்பு என்னோடது. அவங்கள எதுக்கு நிறுத்துறீங்க?"

"அப்போ உங்க தப்புன்னு எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்று சிரித்தார்.

அவர் மேஜையிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

சாந்திக்கு நானே போன் செய்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ நான் அழிக்கலையா சார்? மூணு நாளா நான்தான் கை தவறி எதையோ அழுத்திட்டேன்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன்" என்றாள்.

நன்றி வேறு சொன்னாள். எனக்கு.