தப்பாக் கோடு போட்டவர் முகம்

என் ஆசை அண்ணாவுக்கு,

உன் போன்லயேதான் இதைத் தட்டறேன். கண்ணாடி கீறல் விட்ட மூலையில விரல் வெச்சா எழுத்தே விழ மாட்டேங்குது. நீ எப்படித்தான் இதைக் கட்டிக்கிட்டு மாரடிச்சியோ! எழுத்தை மட்டும் பலாக்கொட்டை கணக்காப் பெருசாக்கி வெச்சிருக்கே.

வாங்கின புதுசுல நீ பண்ணின அலும்பு கொஞ்சமா? கோடு போட்டுத் தொறக்கற பூட்டு ஒண்ணு. யாராச்சும் தப்பாக் கோடு போட்டா முன்பக்கக் கேமரா சத்தமில்லாம அவங்களைப் படம் புடிச்சு வெச்சுக்கும். "திருட்டுப்பய மூஞ்சி தானா விழுந்துரும் பாப்பாயி"ன்னு சிரிச்சே. மொதல்ல விழுந்தது என் மூஞ்சிதான், வாயைப் பொளந்துக்கிட்டு. அதை ஊரெல்லாம் காட்டி என் மானத்தை வாங்கினே.

மிளகு பறிக்க ஏறின ஏணியிலிருந்து நீ விழுந்துட்டேன்னு சொன்னாங்க. தோட்டத்துல வேற ஆளே இல்லையாம், சாயங்காலம் அண்ணிதான் பார்த்தாங்க. என் ஊட்டுக்காரரு அன்னிக்குப் பொழுதுக்கும் செம்மேட்டுச் சந்தையில இருந்ததாச் சொன்னாரு. ஓடி வந்து "மச்சான்"னு உன் காலைக் கட்டிக்கிட்டு அழுதாரு பாரு, ஊரே கலங்கிப்போச்சு.

உன்னைக் குழியில இறக்கறப்ப, நம்ம வழக்கம்தானே, துண்டு, வெத்தலைப் பை எல்லாம் கூடவே வெச்சாங்க. "மச்சான் ஆசையா வெச்சிருந்த போனு, அதையும் போட்டுருங்க"ன்னு அவருதான் சொன்னாரு. "புள்ளைங்க போட்டோ எல்லாம் அதுலதான இருக்குதுங்க"ன்னு அண்ணி மடியில சொருகிக்கிட்டாங்க, விடல. பாசத்துல சொல்றாருன்னு நெனைச்சேன், கூறுகெட்டவ.

தொறக்கத் தெரியாம அண்ணி இன்னிக்கு என்கிட்டக் கொண்டாந்து குடுத்தாங்க. என் பேரோட மொத எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். கீழ இழுத்து, குறுக்க போயி, மேல ஏத்தினா 'ப'. தொறந்துருச்சு அண்ணா! எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

தப்பாக் கோடு போட்டவங்க படத்துல அண்ணி இருந்தாங்க, புள்ளைங்க இருந்துச்சுங்க. அதுக்கு முந்தி, நீ போன அன்னிக்குத் தேதியில, அவரு.

வேர்த்துக் கொட்டுது, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறாரு. தோளுக்குப் பின்னால மிளகுக்கொடி ஏறின நம்ம சில்வர் ஓக் மரம், சரிஞ்சு கெடக்கற ஏணி, கீழ நீ. ஒரு கையை ஊனி எந்திரிக்கப் பாக்கறே. அடுத்த படத்துலயும் அவரு மூஞ்சிதான். அதுல உன் கை ஊனல, மண்ணுல கெடக்குது.

வரப்பு மரத்தை அவரு களவா வெட்டி வித்ததை நீ படம் புடிச்சு, பாரஸ்ட் ஆபீஸ்ல காட்டுவேன்னு சத்தம் போட்டியே, அதை அழிக்கத்தான் மாத்தி மாத்திக் கோடு போட்டிருக்காரு. கேமரா புடிச்சுக்குங்கறதைப் பதட்டத்துல மறந்துட்டாரு, போனு காணாமப் போனாச் சந்தேகம் வரும்னு அங்கயே போட்டுட்டுப் போயிட்டாரு போல. தள்ளினாரா, நீயாவே விழுந்தியா? படத்துல அது இல்ல. ஒரு கொரல் குடுத்திருந்தா பக்கத்துக் காட்டு ஆளுங்க ஓடியாந்திருப்பாங்களே, பாவி மனுசன் ஏன் குடுக்கல?

இப்ப அவரு என்னிக்கும் இல்லாம பாசமாப் பேசறாரு. "சாப்பிட்டியா கண்ணு?"ங்கறாரு. "போனு தொறந்துச்சா?"ங்கறாரு. "இல்லீங்க"ன்னேன். "நாளைக்குக் கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாட்டம் ஆக்கிக் கொண்டாரேன்"னு சொல்லிட்டு வாசப்படியிலேயே உக்காந்திருக்காரு. அண்ணிக்குப் படத்தை அனுப்பினேன். டவர் இல்லாம சுத்திக்கிட்டே கெடக்குது. நான் அடுப்படியில முதுகைக் காட்டிக்கிட்டு உனக்கு எழுதறேன்.

வாக்குக் குடுக்கறேன் அண்ணா, புருசன்னு பார்க்க மாட்டேன், அந்தப் படம் அழியாது. விடிஞ்சதும் வெறகுக்குப் போறாப்புல மேட்டுக்கு ஏறிருவேன், அங்க டவர் புடிக்கும். இந்தக் கடுதாசியையும் படத்தையும் உன் போன்ல பேரு இருக்கற அத்தனை பேருக்கும் அனுப்பறேன்.

படிக்கறவங்களே, இது உங்க கைக்கு வந்துருச்சுன்னா நான் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டேன். திரும்பி எறங்கி வந்தேனான்னு யாராச்சும் வந்து பாருங்க.

உன் கூடப் பொறந்தவ,
பாப்பாயி