ஷெர்மின் சொல்லாத ஹலால்

தெனிஸ்லி,
அக்டோபர் 14

அன்புள்ள ஷெர்மினுக்கு,

டோர்ட்முண்டில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அத்தான் கடிதமெல்லாம் எழுதுகிறாரே என்று சிரிக்காதே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய்.

உன் அக்காவின் நோய் கையில் தொடங்கி, காலுக்குப் போய், இப்போது நாக்கையும் பிடித்துவிட்டது. நானூறு பேரை அதட்டி வேலை வாங்கிய நூர்ஹயாத் பேசுவது இன்று எனக்கு மட்டும்தான் புரிகிறது. தேநீரைக்கூடக் கெட்டியாக்கிக் கரண்டியால் ஊட்டுகிறோம். அதிகாரம் மட்டும் குறையவில்லை. நேற்று என் சட்டைக் காலரைப் பார்த்து முகம் சுளித்தாள்.

போன வாரம் தன் துண்டு ஆலைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். தறிகளை நிறுத்திவிட்டு, சாகுமுன் எல்லோரிடமும் மன்னிப்பு வாங்கும் நம் வழக்கப்படி, சக்கர நாற்காலியில் ஒவ்வொருவர் முன்னாலும் போய், "என்மேல ஏதாவது மனத்தாங்கல் இருந்தா ஹலால் பண்ணிடுங்க" என்று கேட்டாள். அவள் குழறியதை நான் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் அழுதுகொண்டே "ஹலால் அக்கா, ஹலால்" என்றார்கள். இருபது வருடமாகத் துண்டுக்கு ஓரம் தைக்கும் ஹாஜர் மட்டும் தலையை ஆட்டி மறுத்தாள். வற்புறுத்தியதும், "நான் சொல்லமாட்டேன். எல்லாரும் சொல்லிட்டா நீங்க நிம்மதியா கிளம்பிடுவீங்க. நான் விடமாட்டேன்" என்று முக்காட்டுத் துணியில் முகத்தை மூடிக்கொண்டாள். உன் அக்கா சிரித்தாள். நான் வெளியே போய் லாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அன்றிலிருந்து என்னிடமும் தினமும் கேட்கிறாள். "முப்பத்தொரு வருஷமா என் காபியில சர்க்கரை போடவிடல, அதை எப்படி மன்னிக்கிறது" என்று ஏதாவது சொல்லி மழுப்புகிறேன். நாளுக்கொரு குறையாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அவள் உண்மையில் காத்திருப்பது உன் ஒருத்தியின் வார்த்தைக்குத்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் உங்கள் அம்மா வீட்டை உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாணவியர் விடுதியாக்கினாள். தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஊரே கைதட்டிய திறப்பு விழாவில் நீ வாசலில் நின்று, "இதை உனக்கு ஹலால் பண்ணமாட்டேன், மறுமையிலயும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். இப்போது அங்கே நாற்பது பெண்கள் படிக்கிறார்கள், இருவர் டாக்டராகிவிட்டார்கள் என்று நான் ஆறுதல் சொன்னால், "ஷெர்மின் அழுதாளே" என்கிறாள்.

பனி விழும்வரை தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர். மூச்சுக்கு அவள் படும் பாட்டைப் பார்த்தால், நீ இன்றே வந்து சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே ஹாஜர் சொன்னதை நினைத்துப் பயமாக இருக்கிறது.

வந்துவிடு, ஷெர்மின். பக்கத்தில் உட்கார். ஆசைதீரத் திட்டு. சண்டை போடு. ஹலால் மட்டும் வந்த அன்றே சொல்லிவிடாதே. இரண்டு நாள் கழித்துச் சொல். அந்த இரண்டு நாளை எனக்குக் கொடு.

உன் பயணத்தை இறைவன் லேசாக்கட்டும்.

உன் அத்தான்,
கெனான்